அரிசி மாவில் பதிந்த பாதம்

1

மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஆரம்பாக்கத்தில் அண்ணன் வீட்டுக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை பதினோரு வெள்ளைப் பாதங்கள். வாசற்படியில் தொடங்கிக் கூடத்தைக் கடந்து சாமி அலமாரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டாவது அப்போதுதான் பதிந்தது. பதித்தவள் என் மகள் மித்ரா. வயது ஏழு.

அன்று கிருஷ்ண ஜெயந்தி. நான் வெண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். வழக்கமாக அண்ணி கையை மடக்கி மாவில் தோய்த்து, பக்கவாட்டில் ஒற்றி, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்துப் பாதம் போடுவார். அண்ணன் மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பல வருடங்களுக்குப் பிறகு வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருந்ததால், இந்த முறை தாம்பாளத்தில் அரிசி மாவைக் கரைத்து, பிள்ளையின் காலையே தோய்த்து நடக்கவிட்டிருந்தார்.

கையால் போடும் பாதத்தில் நடுவே ஒரு வளைவு உள்ளே வாங்கியிருக்கும். மித்ராவின் பாதங்களில் அது இல்லை. குதிகால் முதல் விரல் வரை ஒரே அகலம். பன்னிரண்டும் அப்படித்தான்.

“இன்னா தம்பி, உன் பொண்ணு நடுவுல எடமே வுடமாட்டேன்றா? இஸ்திரிப் பொட்டி வெச்சாப்புல பதியுது” என்று அண்ணி சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மேல் அறையில் என் பெட்டிக்குள் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதற்குள் ஜெர்மன் மொழியில் ஒரு மருத்துவச் சீட்டு. அதில் எழுதியிருந்ததைத்தான் அண்ணி இப்போது தரையில் படித்துவிட்டார்.

2

நாங்கள் இருப்பது நூரம்பெர்க் நகரத்தில். என் மனைவி கவிதா அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் செவிலி. அவளுக்கு வேலை கிடைத்ததால்தான் போனோம். சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்த நான், இப்போது ஒரு பொருட்கிடங்கில் பெட்டிகளின் எண்ணையும் பட்டியலின் எண்ணையும் ஒத்துப்பார்க்கிறேன். வேலையில் பெரிய மாற்றம் இல்லை. பிழை முன்பு எழுத்தில் இருந்தது, இப்போது எண்ணில் இருக்கிறது.

வீட்டிலிருந்து மித்ராவின் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் நூறு மீட்டர். அங்கே அந்த வயதுப் பிள்ளைகள் நடந்தே போகிறார்கள். வசந்த காலத்தில் அவள் மாலையில் கால் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சில நாள் பாதி வழியில் நின்று, தூக்கிக்கொள் என்று கையை நீட்டினாள். உடற்பயிற்சி ஆசிரியையும் ஒரு குறிப்பு அனுப்பினார்: ஓட்டத்தில் பின்தங்குகிறாள், பாதத்தைக் காட்டிப் பாருங்கள்.

பழைய தொழிலின் பழக்கம், ஒரு நோட்டு போட்டேன். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரே கேள்வி. இன்று கால் வலித்ததா? ஆம் அல்லது இல்லை. பதினான்கு பள்ளி நாட்களில் ஒன்பது ‘ஆம்’.

மருத்துவரைப் பார்க்க இரண்டரை மாதம் காத்திருந்தோம். கூடத்தில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனோம். இந்த விவரத்தைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மித்ரா கண்ணாடி மேடையில் நின்றாள், திரையில் பாதம் தெரிந்தது. வலி உண்டா என்று மருத்துவர் கேட்டார். பதினான்கில் ஒன்பது என்றேன். அவர் என்னை மதிப்புடன் பார்த்தார். அந்த நாட்டில் எண்ணோடு பேசுகிறவர்களுக்கு மரியாதை உண்டு. பாதத்தின் வளைவைத் தாங்கும் உள்ளடிக்கு, அதாவது ஷூவுக்குள் அளவெடுத்துச் செய்து வைக்கும் தாங்கிக்கு, சீட்டு எழுதினார். நான்கு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், தேதி தாண்டினால் செல்லாது என்று முகப்பில் இருந்த பெண் இரண்டு முறை சொன்னார்.

ஊருக்கு விமானம் மூன்றாம் நாள். ஊரில் இருபத்து மூன்று நாள். திரும்பும்போது சீட்டுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும். கவிதாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. வழியனுப்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான்.

“தெனமும் எம்பது வயசுக் காலுங்களப் பாக்கறேன். சின்ன வயசுல பாக்காம வுட்டது எப்படி முடியும்னு எனக்குத் தெரியும். வந்ததும் மொத வேல அதான்.”

என் தயக்கம் வேறு. ஒரு முறை தாங்கி போட்டால், எடுத்துவிடலாம் என்று யார், எப்போது சொல்வார்கள்? பிள்ளை மனத்தில், தன் கால் சரியில்லாத கால் என்பது அந்த வருடங்களில் எவ்வளவு ஆழமாகப் பதியும்? போடாமல் விட்டு வலி முற்றினால்? முடிவெடுக்க இருபத்தைந்து நாள். அதில் பன்னிரண்டு கழிந்திருந்தபோதுதான் அந்த மாவுப் பாதங்கள்.

3

அண்ணி சிரித்த பிறகு மித்ரா குனிந்து தன் தடங்களைப் பார்த்தாள். பிறகு அண்ணி கையால் போட்டிருந்த மாதிரிப் பாதம் ஒன்றைப் பார்த்தாள்.

“பெரியம்மா, என்னோட கால் காப்புட்டா?”

வீட்டில் அவளுக்குத் தமிழ் சரளமாக வரும். அவசரத்தில்தான் ஜெர்மன் உள்ளே நுழையும். காப்புட் என்றால் பழுது.

அண்ணி புரியாமல் என்னைப் பார்த்தார். நான் சொல்வதற்குள் வாசலில் கம்பெனி பஸ் வந்து நின்றது. அண்ணன் இறங்கி வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை, இப்போது ஷிப்ட் மேற்பார்வையாளர். வாசற்படியில் கால் வைக்கப் போனவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். பன்னிரண்டு பாதத்தையும் வரிசையாகப் பார்த்தார். பின்பக்கம் போய்க் காலைக் கழுவி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

“தாம்பாளத்த இந்தாண்ட தள்ளு.”

“இன்னா பண்ற நீ? சாமிக்கு வெச்சது” என்றார் அண்ணி.

“சாமி ஒண்ணும் நெனச்சுக்காது, தள்ளு.”

வலது காலை மாவில் தோய்த்து மித்ராவின் கடைசிப் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார். அளவு மட்டும் பெரிது. மற்றபடி அச்சு ஒன்றே. நடுவில் துளியும் இடம் இல்லை.

“பெரியப்பாவும் அதே!” மித்ரா கத்தினாள். “அப்பா, நீ வை!”

வைத்தேன். என் தடத்தில் நடுப்பகுதி இல்லை. குதிகால் தனித் தீவு, முன்பாதம் தனித் தீவு, இடையில் ஓரமாக மெல்லிய கோடு. மித்ரா அதைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தாள்.

“அப்பா, உன்னோடதுதான் காப்புட். பாதி காணோம்.”

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் காலைத் தோய்த்தார். அவர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடாவில் பிறந்தவர், சிரிப்பு அதிகமானால் தெலுங்கு கலந்து வரும். “இன்னா நைனா இது, கிருஷ்ணன் குடும்பத்தோட வந்துகிறாரு! சீடை பத்தாதே!” கூடம் முழுக்கப் பாதங்கள். மித்ரா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே குதித்தாள். அந்த நேரத்தில் கோப்பு எனக்கு நினைவில் இல்லை.

சீடை தின்றுகொண்டிருக்கும்போது அண்ணன் என்னைப் பார்த்தார்.

“டேய் ரகு, மிலிட்டரிக்கு ஆள் எடுக்கறப்ப திருவள்ளூருக்குப் போனேனே, ஞாபகம் கீதா?”

இருந்தது. அப்போது அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினான்கு. மாலை ரயிலில் திரும்பி வந்து, ஓட்டத்தில் கடைசியாக வந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் அவரை ‘கடைசிப் பெட்டி’ என்று கூப்பிட்டேன். அவர் திருப்பி அடித்ததும் உண்டு.

“ஓட்டத்துல நான் கடைசி இல்லடா. ரெண்டாவது.”

“இன்னாணா சொல்ற?”

“ஆயிரத்தி அறநூறு மீட்டரு. எனக்கு முன்னால ஒரே ஒருத்தன். அப்பால மெடிக்கலு. கால தண்ணில நனைச்சுட்டு சிமென்டுத் தரைல நிக்கச் சொன்னான். இதே மாரி முழுசா பதிஞ்சுது. ‘தட்டைப் பாதம், நீ கெளம்பு’ன்ட்டான்.”

“அத ஏன் அப்பாகிட்ட சொல்லல?”

“ஓட்டம்னு சொன்னா, அடுத்த வாட்டி ஓடிக்கலாம்னு அப்பா நெனச்சுக்கினு இருக்கும். காலுன்னு சொன்னா அன்னிக்கே முடிஞ்சுபூடும்ல.” ஒரு சீடையை வாயில் போட்டுக் கடித்தார். “ஆனா அடுத்த வாட்டி போடா போடான்னு ஒரு வருசம் பேஜாரு பண்ணிடுச்சு.”

அண்ணிக்கு இது செய்தியாக இல்லை. “எனக்கு அப்பவே தெரியும். கல்யாணத்துக்கு மறுநாளே செருப்பப் பாத்தேன். உள்பக்கமாவே தேஞ்சு கெடந்துச்சு. இப்பமும் கம்பெனில ரெண்டு மணி ஆனா ஷூவ கழட்டிட்டு பெஞ்சுல குந்திக்கும். கேட்டா ‘காத்து வாங்கறேன்’னும்.”

4

அண்ணியின் பேச்சை இந்த விஷயத்தில் தள்ளிவிட முடியாது. அதே சிப்காட்டில், ஆலைத் தொழிலாளர்கள் போடும் பாதுகாப்பு ஷூ செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். கடைசி மேசை அவருடையது. பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து அனுப்புகிற வேலை. நான் கிடங்கில் செய்வதும் அவர் செய்வதும் ஏறக்குறைய ஒன்று. அவருக்கு வேகம் அதிகம்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் கோப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். நூரம்பெர்க்கில் பதினான்குக்கு ஒன்பது. ஆரம்பாக்கத்தில் பன்னிரண்டு நாளில் ஒன்றுகூட இல்லை.

“இங்க அவ எங்க நடக்கறா? பள்ளிக்கூடமா போறா?” என்றேன்.

“எங்க நடக்கறாளா? நேத்து சாயங்காலம் வரைக்கும் வரப்பு மேல ஓடிக்கினு இருந்தா. காலைல ஸ்டேஷன் வரைக்கும் ரெண்டு வாட்டி பூட்டு வந்தா, போற ரயிலப் பாக்கறேன்னு ஒரு வாட்டி, வர்ற ரயிலப் பாக்கறேன்னு ஒரு வாட்டி. ஒரு நாளாச்சும் தூக்குன்னு சொன்னாளா?”

சொல்லவில்லை.

“அங்க போட்டுக்கினு போற ஷூ எங்க?”

விமானத்தில் போட்டு வந்த அதே பள்ளி ஷூ. பெட்டிக்குள் இருந்தது. அண்ணி அதை வாங்கி முதலில் அடியைப் பார்த்தார். பிறகு குதியைப் பிடித்து அமுக்கினார். உள்ளே இருந்த மெல்லிய அட்டையை இழுத்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஐந்து விரல்களும் கருப்பாகப் பதிந்திருந்தன. விரல் தடத்துக்கு மேலே கறை படாத வெள்ளை இடம். அண்ணி தன் விரல்களை அதன் மேல் வைத்தார். இரண்டு விரல் தாராளமாக நின்றது.

“தம்பி, இது யாரு ஷூ?”

“மித்ராவோடதுதான்.”

“எத்தினி வயசு மித்ரா? பத்தா?”

கடைக் காட்சி அப்படியே வந்தது. அந்தக் கடையில் ஒரு பெண் உலோக அளவுகோலில் அவள் காலை வைத்து எண் முப்பது என்றார். நான் முப்பத்திரண்டு கேட்டேன். உறுதியாகத்தானா என்று அவர் கேட்டார். உறுதியாக என்றேன். வளர்கிற பிள்ளை, இரண்டு குளிர்காலம் வர வேண்டும். எனக்கும் அண்ணனுக்கும் பள்ளிக்கூடச் செருப்பு அப்படித்தான் வந்தது. முன்னால் பேப்பரைத் திணித்துக்கொண்டு ஒரு வருடம், சரியாக ஒரு வருடம், கடித்துக்கொண்டு ஒரு வருடம். சின்ன வயதிலிருந்தே தெரிந்த கணக்கு. எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சரியான அளவில் எதுவும் வாங்கியதில்லை.

“பேப்பர்ல வேல செஞ்ச ஆளுதான நீ?” என்றார் அண்ணி. “ஊர்ல இருக்கற தப்பெல்லாம் கண்டுபுடிச்ச. ஊட்டுப் புள்ள ஷூவுல நம்பர் பாக்கத் தெரியலியா? உள்ள குதிகாலு ஆடுது பாரு. ஆடுற ஷூவுல நடக்கணும்னா வெரலால அத புடிச்சுக்கினே போவணும். நாளெல்லாம் புடிச்சா வலிக்காதா? நானா இருந்தா நடு ரோட்டுலயே குந்திப்பேன்.”

“அப்ப காலு நல்லா இருக்குதுங்கறீங்களா?”

“அத நான் சொல்லமாட்டேன். எனக்கு ஷூதான் தெரியும். கால டாக்டர் சொல்லட்டும்.”

கவிதாவைக் கூப்பிட்டேன். அங்கே காலை ஷிப்ட் தொடங்கும் நேரம். ஷூ எண் முப்பத்திரண்டு என்பதைச் சொன்னேன். “ரெண்டு நம்பர் பெருசா வாங்குன்னு சொன்னது யாரு?” என்றேன். “எடுத்துக் குடுத்தது யாரு?” என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். “சரி, ஷூ மட்டும்தான் காரணம்னு எப்படித் தெரியும்? டாக்டர பாரு. அப்பறம் பேசலாம்” என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

5

திருவள்ளூரில், அண்ணியின் தொழிற்சாலையில் பலர் போகும் ஒரு எலும்பு மருத்துவர் இருக்கிறார். அண்ணனுக்கு அன்று வார விடுமுறை, அவரும் வந்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். டோக்கன் எண் இருபத்து மூன்று. நூரம்பெர்க்கில் இரண்டரை மாதம், இங்கே ஒரு மணி ஐம்பது நிமிடம்.

மருத்துவருக்கு அறுபது வயது இருக்கும். ஜெர்மன் சீட்டைப் பார்த்தார், புரியவில்லை என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். ஷூவைப் பார்த்தார், அப்போது சிரிக்கவில்லை. நூரம்பெர்க் மருத்துவர் அதைப் பார்க்கவே இல்லை, கூடத்திலேயே கழற்றி வைத்திருந்தோமே.

“வாம்மா. கால காட்டு. பின்னால திரும்பி நில்லு. இப்ப குதிகால தூக்கி, வெரல் மேல நில்லு. மேல மாம்பழம் கீது, பறி பாக்கலாம்.”

மித்ரா கையை உயர்த்தி எழும்பினாள். அதுவரை தட்டையாக இருந்த பாதத்தின் உள்பக்கத்தில் ஒரு வளைவு எழுந்து வந்தது. இரண்டு காலிலும். மருத்துவர் என்னைக் கூப்பிட்டுக் குனிந்து பார்க்கச் சொன்னார். ஏழு வருடமாக நான் பார்த்திராத ஒன்றை அந்த அறையின் மொசைக் தரையில் பார்த்தேன். இறங்கினால் மறைந்தது. எழும்பினால் வந்தது. “இன்னொரு மாம்பழம்” என்று நானே கேட்டேன்.

அவர் கணுக்காலைத் திருப்பினார், அமுக்கினார், பெருவிரலைத் தூக்கினார், அறையின் குறுக்கே நடக்கவிட்டார், ஓடவிட்டார். ஒவ்வொரு முறையும் வலிக்குதா என்று கேட்டார். இல்லை, இல்லை, கூசுது, இல்லை.

“மடங்கற பாதம்” என்றார். “இந்த வயசுல எத்தனையோ புள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும். வளர வளர வளைவு வரலாம். வராமலும் போகலாம். வலி இல்லாத வரைக்கும் அது ஒரு கால், அவ்வளவுதான். மொதல்ல ஷூவ மாத்துங்க. சரியான அளவு, குதிகால கெட்டியா புடிக்கற மாதிரி. மூணு மாசம் பாருங்க.”

“எப்ப தாங்கி போடணும் டாக்டர்?”

“சரியான ஷூ போட்டும் வலிச்சா. ஒரு கால் மட்டும் தட்டையா இருந்தா. வெரல் மேல நின்னாலும் வளைவு வரலன்னா, கால் வெறைப்பா இருந்தா. நொண்டினா, வெளையாட்ட விட்டுட்டு ஒக்காந்தா. அப்ப தள்ளிப் போடாதீங்க, ஒடனே போட்டுடுங்க. அது கெட்ட சாமான் இல்ல. தேவைப்பட்டவங்களுக்கு நல்ல சாமான்.”

அவர் எழுதும்போது கண் அண்ணன் பக்கம் போனது. அண்ணன் சுவரில் சாய்ந்து, உடல் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றியபடி நின்றிருந்தார்.

“நீங்க வாங்க.”

“எனக்கு இன்னா டாக்டர்? நான் கூட வந்தவன்.”

“தெரியுது. வாங்க. மாம்பழம் உங்களுக்கும் கீது.”

அண்ணன் இரண்டு காலில் எழும்பினார், வளைவு வந்தது. ஒற்றைக் காலில் எழும்பச் சொன்னார் மருத்துவர். இடது கால் எழும்பியது. வலது கால் எழும்பவில்லை. மூன்று முறை முயன்றார். மருத்துவர் கணுக்காலின் உள்பக்கம் கட்டைவிரலால் அமுக்கியபோது அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தினி வருசமா?”

“அது... ஒரு ஏழெட்டு வருசம்.”

“ஏன் வரல?”

“காலு அமைப்பே அப்படின்னு நெனச்சுக்கினேன், டாக்டர்.”

மித்ராவுக்கென்று போன இடத்தில் தாங்கிக்கான சீட்டு அண்ணனுக்குக் கிடைத்தது. பக்கத்துத் தெருவில் அளவெடுக்கும் கடையில், மெத்தையான நுரைப் பெட்டிக்குள் அவர் காலை அமுக்கியபோது மித்ரா பக்கத்தில் நின்று, “அசையாத பெரியப்பா” என்று அதட்டினாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அண்ணன் அவளிடம் தன் சீட்டைக் காட்டிப் பெருமை பேசினார். “எனக்குக் கெடச்சுது, உனக்குக் கெடச்சுதா?” அவள் நிஜமாகவே பொறாமைப்பட்டாள்.

6

நூரம்பெர்க் திரும்பியபோது சீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. பள்ளி திறக்க அதற்கு மேலும் ஒரு வாரம். ஆக, பள்ளிக்கு நடந்து பார்த்து முடிவெடுக்க வழியில்லை. கவிதாவும் நானும் சமையலறை மேசையில் சீட்டை நடுவில் வைத்துப் பேசினோம். அவள் மித்ராவை விரல் மேல் நிற்கவைத்து, முழங்காலிட்டு, ஒரு செவிலியின் கண்ணோடு நெடுநேரம் பார்த்தாள். பிறகு மூன்று மாதம் என்றாள். அதற்குள் சரியான ஷூவில் இரண்டு வாரம் தொடர்ந்து வலித்தால், மறுபேச்சு இல்லாமல் புதுச் சீட்டு. ஒப்பந்தம் என்று கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

முதல் நாள் கடைக்குப் போனோம். அதே பெண். அளந்தார். முப்பது என்றார். முப்பது என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். பெட்டியை எடுக்கப் போகும்போது அவர் தோள் சிரிப்பில் குலுங்கியது.

இரண்டாம் நாள் சீட்டின் தேதி முடிந்தது. கடந்துபோன தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பது பத்திரிகைக்காரனுக்குச் சுலபமில்லை. கோப்பை மூடி அலமாரியில் வைத்தேன்.

பள்ளி திறந்தது. மாலை ஆறு மணி, ஒரே கேள்வி. முதல் வாரம் ஒரு ‘ஆம்’ வந்தது. அன்று நாங்கள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. விசாரித்ததில் மேசைக் காலில் இடித்துக்கொண்டிருக்கிறாள். அதன் பிறகு ‘இல்லை’ வரத் தொடங்கியது. இருபதைத் தாண்டியதும் மித்ராவுக்குச் சலித்துவிட்டது. நான் நோட்டைத் திறக்கும்போதே இன்னொரு அறையிலிருந்து “இல்ல” என்று கத்துவாள், ஜெர்மனில் கத்தினால் நான் எழுதமாட்டேன் என்பதால் தமிழிலேயே.

அண்ணனின் தாங்கியும் வந்து சேர்ந்தது. அண்ணி அவர் ஷூவில் அதைப் பொருத்திப் பார்த்து, ஓரத்தைத் தானே சீவிச் சரிசெய்திருக்கிறார். பத்து நாள் கழித்துப் பேசியபோது அண்ணன், “ரெண்டு மணிக்கு பெஞ்சுல குந்தறது இல்ல. பசங்க கேக்கறாங்க, இன்னா சார் காத்து வாங்கலியான்னு” என்று சிரித்தார்.

மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பள்ளியின் உள்ளரங்கில் ஓட்டம் வைத்தார்கள். ஐம்பது மீட்டர், ஆறு பிள்ளைகள். நான் கிடங்கிலிருந்து அரை நாள் விடுப்பு வாங்கிப் போயிருந்தேன். முடிந்ததும், மூச்சு அடங்குவதற்குள் மித்ரா என் கைப்பேசியைப் பிடுங்கி ஆரம்பாக்கத்தைக் கூப்பிட்டாள். அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

“பெரியப்பா, ஓடினேன்!”

“எத்தினியாவது?”

“நாலாவது!”

“கடைசி இல்லியா? அடி சக்க! நான் எத்தினியாவது தெரியுமா?”

“தெரியும். ரெண்டாவது.”

“உங்கப்பன் இருக்கானா பக்கத்துல? அவங்கிட்டயும் சொல்லு.”

மித்ரா என் பக்கம் திரும்பி, “பெரியப்பா ரெண்டாவது” என்றாள். அரங்கில் சத்தமாக இருந்ததால் இரண்டு முறை சொன்னாள். மாலை ஆறு மணிக்கு நோட்டைத் திறந்து ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த வரிசையில் அது நாற்பத்தொன்பதாவது.